எந்த மெத்தையில்

நம் பாப்பாவின் அம்மாவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் படங்களில் அடியாளாக வந்து, அடிவாங்கி, விழுந்தே பிழைக்கிறேன். இன்று நாலாவது மாடி விளிம்பில் நின்றபோது, கீழே விரித்திருந்த காற்று மெத்தை இரண்டாகத் தெரிந்தது. போன மாதம் தலையில் அடிபட்டதிலிருந்தே அவ்வப்போது இப்படித்தான். தூக்கமில்லாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

"கேமரா ஓடுது, குதிங்கண்ணே" என்றார் பக்கத்தில் நின்ற நம் மொழிக்கார ஸ்டண்ட் மாஸ்டர்.

"எந்த மெத்தைல தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சட்டென்று என் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். படி இறங்கும்போது நான் அவர் கையை விடவேயில்லை.

தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைக்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பாப்பாவை உன் அக்காவிடம் விட்டுவிட்டு, நீ மட்டும் வந்துவிடேன்.

உன் வீட்டுக்காரன்