ஆட்டுக்குக் கஞ்சி ஊட்டிய கை

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெக்கை. பாலவனத்தம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஒரே புழுதி. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஏசி இன்றும் ஓடவில்லை. வேலை: புதிய இதழ்கள் பதிவு. முதலாண்டு பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து படிக்க லாகின். எலும்புப் பிரிவு டாக்டர் கேட்ட கட்டுரை நகல்கள்.

வாசலில் நோயாளிகளுக்காகப் போட்ட தகவல் மேசைக்கு ஒரே ஒருவர். தங்கப்பாண்டி, எம்.ரெட்டியபட்டி. அண்ணனுக்குக் கால் முறிவு, இவர் வார்டில் துணைக்கு. சர்க்கரை, பிரஷர் துண்டறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "ஆட்டுச் சீக்கு புஸ்தகம் இருக்கா மேடம்?" என்றார்.

"இது மனுசங்க வைத்தியத்துக்குண்ணே."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அத்தைக்கு மாத்திரை வாங்க மறந்தேன். வசவு.

ஜூன் 10, செவ்வாய்

மறுபடி தங்கப்பாண்டி. போன மாதம் செத்த ஆட்டைப் பற்றியே பேச்சு. வாயெல்லாம் எச்சில், குரல் மாறிக் கத்தல், தண்ணீர் இறங்கவில்லை.

"தொண்டையில எதுவும் சிக்கிருக்கான்னு எம் பொண்டாட்டி கைய விட்டுப் பாத்தா. கஞ்சியும் ஊட்டுனா. பல்லு பட்டு வெரலு கிழிஞ்சிருச்சு."

"ஆட்டை நாய் எதுவும் கடிச்சதாண்ணே?"

"சித்திரையில ஒண்ணு பட்டிக்குள்ள பூந்துச்சு. ஏன் கேக்குறீக?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு வைத்தியம் தெரியாது, தேட மட்டும்தான் தெரியும். தேடினேன். நாய் கடித்தால்தான் வெறிநோய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெறிபிடித்த ஆட்டின் எச்சில், கிழிந்த தோல், அதுவே போதுமாம். கட்டுரையை அச்செடுத்து பொது மருத்துவப் பிரிவு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

"மாசக்கணக்கானாலும் ஊசி போடலாம். அறிகுறி வர்றதுக்கு முன்னாடி போடணும், அவ்வளவுதான். வரச் சொல்லுங்க."

நிம்மதி. வார்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல மேடம். அந்தக் கைதான் ரெண்டு நாளா மதமதன்னு இருக்குங்கா. களை வெட்டுறால்ல, அதுனாலதான்னு இருந்துட்டோம்."

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். கை மதமதப்பைச் சொன்னதும் எந்தக் கை என்று கேட்டார். கிழிந்த கைதான் என்றேன். "அப்ப அது அறிகுறியாவே இருக்கலாம். உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

தங்கப்பாண்டி ஊருக்கு பஸ் ஏறினார்.

ஜூன் 11, புதன்

வானம் மூடிக் கிடக்கிறது. மழை இல்லை.

காலையில் மனைவியோடு வந்துவிட்டார். செல்வி. தலையில் பூ, கையில் கணவனின் அண்ணனுக்குத் தூக்குவாளி. நன்றாகத்தான் நடந்து வந்தாள். என்னைவிட இளையவள். டாக்டரம்மா வரும்வரை நூலகத்தில் உட்காரவைத்தேன். தண்ணீர் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாங்க்கா. தொண்டையப் புடிக்குது."

மின்விசிறியைப் போட்டேன். காற்று பட்டதுதான் தாமதம், கழுத்து வெட்டி இழுத்தது. முந்தானையால் முகத்தை மூடினாள். "நிறுத்துங்கக்கா." நிறுத்தினேன். நேற்று படித்த பக்கத்தில் இதுவும் இருந்தது, அதே வரிசையில்: மதமதப்பு, தண்ணீர், காற்று.

டாக்டரம்மா அவளை உள்ளே அழைத்துப் போன பிறகு தங்கப்பாண்டி மெதுவாகக் கேட்டார். "மேடம், எம் மகளும் கூட நின்னு கஞ்சி ஊட்டுனா. அவ கையிலயும் சிராய்ப்பு இருந்துச்சு."

பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வரவழைத்தோம். மூன்றாம் வகுப்பு. அவளுக்கும் ஊசி, தங்கப்பாண்டிக்கும் ஊசி. பிள்ளை அழவில்லை. "அம்மாவுக்கு?" என்று மட்டும் கேட்டது.

ஜூன் 12, வியாழன்

செல்வி தனி அறையில். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வராந்தாவில் நர்ஸ்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். பிள்ளை சித்தியோடு இருக்கிறது. இவள் தப்பித்துவிடுவாள், மீதி ஊசியைத் தவறவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா.

டாக்டரம்மாவிடமிருந்து தேடல் கோரிக்கை: அறிகுறி வந்த பின் பிழைத்தவர் உண்டா, என்ன சிகிச்சை. அவசரம். இங்கே இல்லாத இரண்டு கட்டுரைகளை சென்னை நூலகத்தில் கேட்டு வாங்கினேன். எல்லாவற்றையும் படித்தேன். பிழைத்தவர்கள் வெகு சிலர். அவர்களிலும் பலர் பிறகு எழுந்து நடக்கவில்லை. மருந்து என்று ஒன்று இல்லை. மதியமே டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். "தேங்க்ஸ்" என்று ஒரு வார்த்தை பதில்.

சாயங்காலம் தங்கப்பாண்டி வந்தார். "நீங்க மருந்து தேடுறீகன்னு நர்ஸம்மா சொன்னாக. புஸ்தகத்துல போட்ருக்கா மேடம்?"

"பாத்துக்கிட்டிருக்கேண்ணே."

"பொறுமையாப் பாருங்க. நான் இருக்கேன்."

நாற்காலியை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் இதை எழுதுவதையும் மருந்து தேடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.