பலகையில் கடைசிப் பெயர்

6.1.1981, செவ்வாய்

தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற அறையில் இன்றும் ஒருவன் வாந்தி எடுத்தான். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, மோர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதே மேனேஜர் மூன்று மணிக்கு வாசல் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் போட்டார்: வருகிற 18ஆம் தேதி ஞாயிறு, தூத்துக்குடி கடல் காட்சிசாலைக்கு இலவசச் சுற்றுலா. பஸ் உண்டு, எலுமிச்சம்பழச் சாதம் உண்டு, பெயர் கொடுக்கவும்.

தீபாவளி போனஸ் தை பிறக்கப்போகிற நாள்வரை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கடலைக் காட்டுகிறார்கள். இந்தக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் இருநூறு பெண்கள் சட்டத்தில் குச்சி சொருகிக் கட்டை அடுக்குகிறார்கள். அதில் பத்துப் பேர் கடலைப் பார்த்திருந்தால் அதிகம். அது முதலாளிக்குத் தெரியும். இல்லாததைப் பார்த்துத்தானே விலை பேசுவார்கள்.

சங்கச் செயலாளர் நான்தான். கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் போகக்கூடாது.

9.1.1981, வெள்ளி

முப்பத்தோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். முதல் பெயர் சங்கரம்மாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கட்டை அடுக்குகிறவள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஒருநாளும் எதிலும் முதலாவதாக நிற்காதவள், இதற்கு முந்திக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் வைத்துப் பேசினேன். ஒரு நாள் கடல்காற்றுக்கு ஒரு வருச உழைப்பை விற்கிறீர்களே என்றேன். நன்றாகத்தான் பேசினேன். பாதிப் பேர் அங்கேயே மனம் மாறினார்கள். சங்கரம்மாள் மட்டும் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாள்தான தம்பி, போயிட்டு வந்துருதேன்" என்றாள்.

எனக்குக் கோபம். "ஏக்கா, கடலுக்கு அங்கிட்டு இருக்குத புருசனப் பாத்துட்டு வரவா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அவள் கணவன் செண்பகராஜ் கைக்குழந்தையையும் அவளையும் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய் வேறொருத்தியோடு இருக்கிறான் என்பது ஊருக்கே தெரிந்த கதை. பதினைந்து வருசமாகத் தாலியும் குங்குமமுமாகத்தான் இருக்கிறாள். அதையும் சேர்த்துப் பேசுவார்கள்.

அவள் சாப்பிடாமல் வாளியை மூடினாள். மூன்று மணிக்குப் பட்டியலில் அவள் பெயர் அடித்திருந்தது.

ஒரு வார்த்தை அதிகம்தான். ஆனால் வேலை நடந்தது.

18.1.1981, ஞாயிறு

பஸ்ஸில் ஒன்பது பேர் போனார்கள். மேனேஜர், அவர் மனைவி, பிள்ளைகள், வாட்ச்மேன், இன்னும் நாலு கண்காணிகள். மீதி எலுமிச்சம்பழச் சாதத்தை வழியில் யாருக்கோ கொடுத்தார்களாம். தோழர்கள் என் தோளைத் தட்டினார்கள். சந்தோசமாக இருந்தது. இல்லையென்று இங்கே ஏன் எழுத வேண்டும்?

27.1.1981, செவ்வாய்

தூத்துக்குடியில் போனஸ் பேச்சுவார்த்தை. முதலாளி தரப்பில் யாரும் வரவில்லை. அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

அங்கே போனேன். கடற்கரைச் சாலையில், பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றில்தான் அந்தக் காட்சிசாலை இருக்கிறது. நம் கரிசல் பருத்தி பொதி பொதியாக இறங்கிய இடமாயிருக்கும். எதைக் காட்டி ஏமாற்றப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஆசை. எனக்கும் ஆசை. கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தேன். முத்துக் குளிக்கிறவன் இடுப்பில் கட்டுகிற கல். சங்கு. பித்தளைத் திசைகாட்டி. ஒரு கன்றுக்குட்டி அளவில் பாய்மரத் தோணியின் மாதிரி, கயிறு கப்பி எல்லாம் அசலாக. சின்னப் பையன் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கடைசி அறையில் ஒரு மரப் பலகை. புயலில் மூழ்கிய 'மரிய செல்வம்' தோணி, 11.11.1965. தோணி முதலாளியின் பெயர் மேலே கொட்டை எழுத்தில். அவர் சாகவில்லை, கரையில்தான் இருந்திருக்கிறார். செத்த எட்டுப் பேர் கீழே பொடி எழுத்தில். தோணியை நடத்துகிற தண்டல் முதலில், சமையல்காரன் கடைசியில். சாவிலும் வரிசை. அந்த ஆத்திரத்தில்தான் கடைசிவரை வாசித்தேன்.

"பண்டாரி செண்பகராஜ், கோவில்பட்டி."

பண்டாரி என்றால் தோணியில் சோறு பொங்குகிறவன் என்று காவலாளி சொன்னார். கரிசல்காட்டுக்காரன் ஒருவன் தோணியில் சமைக்கப் போயிருக்கிறான், பாவம் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு வெளியே வந்து சர்பத் குடித்தேன்.

பஸ்ஸில் உப்பளம் தாண்டும்போதுதான் உறைத்தது. சங்கரம்மாளின் புருசன் பெயரும் செண்பகராஜ்.

28.1.1981

அதே பெயருள்ளவன் வேறு யாராகவும் இருக்கலாம். நுழைவுச் சீட்டை இந்த நோட்டின் அட்டைக்குள் செருகியிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

31.1.1981, சனி

ஆவுடைத்தாய் பெட்டி ஒட்டுகிற பிரிவில் இருக்கிறாள். சங்கரம்மாளின் அடுத்த வீட்டுக்காரி. அவளிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன், சங்கரம்மக்கா வீட்டுக்காரர் என்ன வேலைக்குப் போனார் என்று.

"இப்பம் கேளு. ரெண்டு வருசம் மழ இல்லாம ஆடு பூரா செத்துப்போச்சு. உப்புமூட தூக்கப் போறேன்னு தூத்துக்குடிக்குப் போனாரு. பெறகு தோணியில ஏறிட்டேன்னு ஒரு காயிதம். அம்புட்டுதான். இவ கொழுந்தன் விசாரிக்கப் போனவன், கொழும்புல குடியும் குடித்தனமுமா இருக்கான்னு வந்து சொன்னான்."

"பெறகு ஏன் சுற்றுலாவுக்கு மொத ஆளாப் பேரு குடுத்தாக?" என்றேன்.

"லாரி ஓட்டுத தவசிதான் சொன்னானாம், அந்தக் காட்சிசாலையில கடல்ல போனவுக பேரெல்லாம் எழுதிப் போட்டிருக்குன்னு. ஒருக்கா பாத்துரலாம்னு இருந்தா. நீதான் நாக்கப் புடுங்குத மாதிரி கேட்டுட்டியே."

சொல்லிவிட்டு மறுபடி பசையைத் தொட்டாள்.

2.2.1981, திங்கள்

சொல்ல வேண்டும். சொன்னால், நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்பார்கள். முப்பத்தோரு பேரைத் தடுத்தவன் தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான் என்பார்கள். மேனேஜர் காதுக்குப் போகும். பேச்சுவார்த்தை நடக்கிற நேரம். சங்கம் உடையும்.

சங்கமா, நானா?

4.2.1981, புதன்

இன்று மூன்றாவது வரிசை வரைக்கும் போனேன். சங்கரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சட்டத்தில் கட்டைகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்க்கிறவன் போலப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

5.2.1981

பேச்சுவார்த்தை முடியட்டும். பிறகு சொல்லலாம். பதினைந்து வருசம் பொறுத்தவளுக்குப் பத்து நாள் பெரிதா?

இதை எழுதியவன் நான்தான். அடிக்கமாட்டேன். இருக்கட்டும்.

6.2.1981, வெள்ளி

சங்கரம்மாள் இன்று லீவு. மகள் சத்தியபாமாவைப் பார்க்க நாகலாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று ஆவுடைத்தாய் சொன்னாள். ஆபீஸ் விட்டதும் அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போனேன். கோலத்தை மிதித்தபடி ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தட்டில் பூவும் வெற்றிலையும் அப்படியே இருந்தன. 

பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். வந்தவர்களில் பெரியவர் ஒருவர், "தகப்பனாரு கையப் பிடிச்சுக் குடுக்க வருவாரா?" என்று கேட்டாராம். சங்கரம்மாள், இல்லை என்றிருக்கிறாள். "செத்துப்போனாரா, இருக்காரா?" என்றாராம். அவள் வாய் திறக்கவில்லை. "ஓடிப்போனவன் வீட்டுல சம்மந்தம் வச்சா நாளைக்கு நம்ம புள்ளையவும் பேசுவாவ" என்று எழுந்துவிட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அட்டைக்குள் செருகி வைத்திருந்தேன்.

7.2.1981, சனி

சொல்லிவிட்டேன். சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன். ஆவுடைத்தாயும் கூட வந்தாள். வரட்டும் என்று விட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைக் காட்டினேன்.

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். அழவில்லை.

"என்னைக்குப் பாத்த?"

"போன மாசம் இருபத்தேழு."

விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். "வியாழக்கெழம சொல்லிருந்தாக்கூடப் போதுமே, வேல்சாமி."

தம்பி என்று சொல்லவில்லை.

ஆவுடைத்தாய்தான் ஆரம்பித்தாள். "நீ மட்டும் போய்ப் பாக்கலாம், அவ போனா போனஸ் போயிருமோலே? பெரிய சங்கத்துக்காரன்." சங்கரம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தனியாப் போக முடியாமலா இருந்தேன்? கூட்டத்தோட போனா, பேரு இல்லேன்னாலும் ஒருத்தருக்கும் தெரியாதுன்னுதான் அந்தப் பஸ்ஸுக்குப் பேரு குடுத்தேன். எதுக்குப் போறேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன் உங்கிட்ட."

கேட்கவில்லை. பேசத்தான் செய்தேன். ஒரு வருசமாக இவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன். இவர்களில் ஒருத்தியை ஒருநாள் கேட்டிருக்கிறேனா?

"நாளைக்கு வந்து வாசிச்சுக் காட்டு" என்றாள்.

8.2.1981, ஞாயிறு

காலை பஸ்ஸில் சங்கரம்மாளும் சத்தியபாமாவும் முன்னால், நான் பின்னால். உப்பளம் வந்தபோது அந்தப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தாய் பார்க்கவில்லை. கடற்கரையில் இறங்கியும் கடலைப் பார்க்கவில்லை.

உள்ளே, அந்தத் தோணி மாதிரியின் பக்கத்தில் மட்டும் நின்றாள். "இதுல அடுப்பு எங்கன இருக்கும்?"

காவலாளி பழைய தோணிக்காரர். கம்பால் சுட்டிக் காட்டினார். "இந்தப் பெட்டிக்குள்ளதான் தாயி. மணல் பரப்பி அதுமேல வெறகு."

"அவியளுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது" என்றாள். உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போன மாதிரி இருந்தது. "எட்டுப் பேரு எப்பிடித்தான் தின்னாகளோ."

பலகைக்கு முன்னால் நின்று, எங்கே என்று கேட்டாள். காட்டினேன். "நீ காட்டாத. வாசி." வாசித்தேன். சத்தியபாமா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டித் தானும் ஒருமுறை வாசித்தாள். சங்கரம்மாள் கடைசி வரியில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். கட்டை அடுக்கித் தேய்ந்த விரல்.

"என்ன தேதி?"

சொன்னேன். தமிழுக்கு என்ன என்றாள். காவலாளி கணக்குப் போட்டு, ஐப்பசி இருபத்தாறு என்றார்.

விரலை எடுத்துவிட்டாள். 

"அந்த வருசம் ஐப்பசிக் கடைசியில விடிய விடியப் பெஞ்ச மழையா?"

"அந்தப் புயல் மழைதான் தாயி. அங்கிட்டு உங்க காட்டுக்கெல்லாம் நல்ல மழைன்னு சொன்னாவ."

"நல்ல மழைதான்" என்றாள் சங்கரம்மாள். "ரெண்டு வருசம் கழிச்சு வந்த மழை. விடிஞ்சதும் பொம்பளையெல்லாம் ஓடைக்கரைக்கு ஓடுனோம். தண்ணி போறதப் பாத்துக் குலவ போட்டோம். நாந்தான் மொதல்ல போட்டேன். இனி அவிய வந்துருவாகன்னு." 

சத்தியபாமா தாயின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாசல் பக்கம் வந்துவிட்டேன். அங்கே நிற்க எனக்கு என்ன உரிமை?

10.2.1981, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு நாகலாபுரம் போனேன். பெரியவரைப் பார்த்துப் பலகையைப் பற்றிச் சொன்னேன். நல்ல மனுசன். உட்காரவைத்துக் கேட்டார். "ஒரு வாரம் முந்தி வந்திருக்கலாம்லா அண்ணாச்சி. சனிக்கெழமையே வேற எடத்துல பூ வச்சுட்டோம்."

திரும்பி வரும்போது வழி நெடுகக் காய்ந்த கரிசல்.

11.2.1981

சங்கரம்மாள் வேலைக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தும். இத்தனை நாள் பேசியவர்கள் அவ்வளவு பேரும் குனிந்து கட்டை அடுக்கினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில், நான் காட்சிசாலைக்குப் போனதை எல்லார் முன்னாலும் சொன்னேன். அன்று சிரித்துக்கொண்டே கேட்டதையும் சொன்னேன். செயலாளர் பொறுப்பு வேண்டாம் என்றேன். "பாதியில ஓடாதலே, போனஸ வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்றாள் ஆவுடைத்தாய். சங்கரம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

14.3.1981, சனி

போனஸ் வந்தது. மாலை போட வந்தார்கள். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். 

22.6.1981

மூன்றாவது வரிசையில் புதிதாக ஒரு பெண். தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டை அடுக்குகிறாள். சத்தியபாமா.

நாகலாபுரம் சம்பந்தம் நடந்திருந்தாலும் அங்கேயும் இதே வேலைதான் பார்த்திருப்பாள் என்று எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நடந்திருந்தால்... தெரியாது. தெரியாது என்பதுதான் உறுத்துகிறது.

11.11.1981, புதன்

ஐப்பசிக் கடைசி. மழை.

சங்கரம்மாள் காலையில் தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்தாள். முதல் முறையாகச் செண்பகராஜுக்குப் படையல் போட்டிருக்கிறாள். நாள் தெரிந்துவிட்டதல்லவா. மத்தியானம் ஒரு பெரிய ஏனம் நிறையக் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து, தாழ்வாரத்தில் எல்லாருக்கும் வட்ட இலையில் வைத்தாள். சத்தியபாமா குழம்பு ஊற்றிக்கொண்டே வந்தாள்.

நான் மருந்து அறை வாசலில் நின்றேன். கூப்பிட்டால் உட்காரலாம், கூப்பிடாவிட்டால் போய்விடலாம் என்று. சங்கரம்மாள் என்னிடமும் வந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் வைத்த அதே அளவு வைத்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெளியே மழை வலுத்தது. இரண்டு மூன்று பெண்கள் சோற்றுக் கையோடு எழுந்து போய்ப் பார்த்தார்கள். காட்டில் விதைத்திருக்கிறவர்கள். ஒருத்தி குலவை போட வாயெடுத்தவள், சங்கரம்மாளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"போடுட்டி" என்றாள் சங்கரம்மாள். "நல்ல மழைதான."

அந்தப் பெண் போட்டாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இலையில் ஒரு பருக்கை வைக்காமல்.