மீன் டாக்டரின் மஞ்சள் மருந்து

அன்பு மகளுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் பார்க்கும்போது எனக்குப் பொய்யும் வராது, உண்மையும் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வண்ணமீன் கடையில் தொட்டி கழுவும்போது அம்மாவின் வலது ஆள்காட்டி விரலைக் கண்ணாடி கீறியது அல்லவா? அந்தப் புண் ஆறவில்லை. முடிச்சு முடிச்சாக மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. வீடியோவில் அவள் முகத்தை மட்டும் காட்டுவது அதனால்தான். இரண்டு மருந்துகள் கேட்கவில்லை. மூன்றாவதும் கேட்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இங்கே என்னை மீன் டாக்டர் என்று கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குச் சும்மா கிடைத்த பட்டம். துடுப்பு அழுகினால் மஞ்சள் மருந்து, செதில் தூக்கினால் மஞ்சள் மருந்து, குழாயில் கலங்கலாக வந்தால் மீனுக்கு ஒன்றும் வராமலே மஞ்சள் மருந்து. அந்த ஆன்டிபயாடிக் கேப்சூல் ஒன்றைப் பிரித்து இரண்டு தொட்டிக்குத் தூவுவேன். மீன் நீந்த ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன். சிக்கனமாம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் அம்மாவுக்கும் அதே டப்பாவைத் திறந்தேன். மீனுக்குக் கேட்டது உனக்குக் கேட்காதா என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அவளும் சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

புண்ணிலிருந்தும், தொட்டியிலிருந்தும், குழாயிலிருந்தும் எடுத்துச் சோதித்தார்கள். குழாய்த் தண்ணீரிலேயே இந்தக் கிருமி கொஞ்சம் இருக்குமாம். குளோரினுக்கு அசையாதாம். பெரும்பாலும் நம்மை ஒன்றும் செய்யாதாம். நான் அரைகுறையாக மருந்து போட்டுப் போட்டு, நோஞ்சான் கிருமிகள் செத்து, முரடுகள் மட்டும் மிஞ்சி, தொட்டிச் சுவரில் வழவழவென்று குடித்தனம் நடத்தியிருக்கின்றன. டாக்டரம்மா திட்டவில்லை. எவ்வளவு காலமாகப் போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

கடையை மூடிவிட்டேன். மீன்களை யாருக்குக் கொடுப்பது? மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குமிழிச் சத்தம் வீடு வரைக்கும் கூடவே வருகிறது. குழாயைத் திறந்தால் ஒரு கூட்டமே இறங்கி வருகிற மாதிரி இருக்கிறது. தம்ளரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் குடிக்க முடியவில்லை. பெரிய தொட்டியில் எல்லாம் போய் ஒரு கறுப்பு மீன் மிஞ்சியிருக்கிறது. நான் போனால் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தீனிதான் கேட்கிறது, தெரியும். தெரிந்தும் தீனியைப் போட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடுகிறேன்.

நேற்று கட்டு மாற்றும்போது அம்மா சொன்னாள்: "மீன்னா செத்து மிதந்து காட்டிக் குடுத்துடும். நான் காட்ட மாட்டேங்கிற தைரியத்துலதான் குடுத்தீங்களா?" கேலிதான். நானும் சிரித்தேன். பிறகு கை கழுவப் போய், குழாயைத் திறக்காமலே நின்றேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். போன தடவை நீ புறப்படும்போது, பேத்தி வாலுவுக்கு என்று சின்ன மீன்களைப் பையில் கட்டிக் கொடுத்தேன். கூடவே மஞ்சள் டப்பாவும் கொடுத்தேன், தாத்தாவின் சீதனம் போல. வாலு முழங்கை வரை கையை விட்டு மீனைத் தடவுகிறாள் என்று நீ சொன்னபோது நாங்கள் சிரித்தோம். சோதனை முடிவு வந்த பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. ஆனால் தூக்கத்தில், கையை எடு, கையை எடு என்கிறாள். என்னைச் சொல்கிறாளா, குழந்தையைச் சொல்கிறாளா, கேட்க எனக்குத் துணிவில்லை.

குழந்தையைத் தொட்டிப் பக்கம் விடாதே. நீ கழுவினாலும் கையுறை போட்டுக் கழுவு. சின்னக் கீறலோ கொப்புளமோ இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். டாக்டரிடம் காட்டி, வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது என்று மறக்காமல் சொல். டப்பாவைச் சாக்கடையில் கொட்டாதே, மருந்துக் கடையில் கேட்டு ஒப்படை. மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். நானும் இப்படிச் சிரித்தவன்தான்.

அம்மாவிடம் கையைக் காட்டு என்று கேட்காதே. அவளாகக் காட்டும் நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

பதில் போடும்போது வாலுவின் கையை ஒரு தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இரண்டு கையும். அம்மா பார்க்க வேண்டுமாம். எனக்கும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் எல்லோர் கைகளும் நன்றாயிருக்கட்டும்.

பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட
உன் அப்பா