கரிசலில் புதைந்த வண்டி

மே மாதம், ஞாயிறு இரவு.

மாதா கோயில் திருவிழா முடிந்துவிட்டது. இந்நேரம் நாகலாபுரத்தில் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். இல்லை!

எல்லாரும் மணல்மேட்டில் கூடாரம் போட, அப்பா மட்டும் சமதளம் என்று கரிசலில் வண்டியை அவிழ்த்திருந்தார். மதியம் கோடைமழை கொட்டியது. சக்கரம் பாதி புதைந்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்து அண்ணாச்சி தன் மாடுகளை ஓட்டிவந்தார். இங்கே வந்த நாளிலிருந்தே அவர் மகளிடம் பேச எனக்கு ஆசை, கூச்சத்தில் முடியவில்லை.

"ஏலே, எல்லாரும் பிடிங்க, இழுத்திருவோம்" என்றார் அண்ணாச்சி.

அத்தனை பேர் முன்னால் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "சகதி காயட்டும்ப்பா. இப்ப இழுத்தா அச்சு முறிஞ்சிரும்."

"இந்தப் பிள்ளைக்குப் பேச வருமா!" அண்ணாச்சி சிரித்தார்.

"அவளுக்கு அச்சு மேல அக்கறையாக்கும்! இன்னொரு ராத்திரி தங்கணும், அம்புட்டுதான்" என்றாள் அம்மா. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்பா நாளைக்குப் பார்ப்போம் என்று மாடுகளுக்கு வைக்கோல் போட்டார்.

இரவு அண்ணாச்சி கூடாரத்தில்தான் எல்லாரும். மூன்று கல் கூட்டிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. அவர் மகள் என் பாயிலேயே படுத்து, பேசிப் பேசி இப்போதுதான் தூங்கினாள். நானும் பேசினேன்.

மேகம் கலைந்து நட்சத்திரம் தெரிகிறது. மாதாவே, நாளைக்கு வெயில் கொஞ்சம் மெதுவாக அடிக்கட்டும்.