மூன்று பேர்

5-12-73, புதன்

பனி. பெங்களூரில் முதல் பஸ், காரிமங்கலம் வந்து சேரப் பதினொன்று. ஐந்து நாள் லீவு. புறப்படுமுன் எல்லாத் துணியையும் ஏழு தண்ணீரில் அலசினேன், ஒரு தண்ணீர் மண் கலந்து. நாய் வாய் பட்டதற்கு அப்படித்தான் என்று சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் சொன்னது. ஸ்வெட்டரை மட்டும் அவசரத்தில் அலசாமலே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசலிலேயே அம்மா: "மூணு புள்ளைங்களும் சொகமா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

இந்த நோட்டில் மட்டுமாவது உண்மை. டைப்பிங் படிக்கப் போனவள் நான். இப்போது வேலை: காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், கண்டோன்மென்ட் பக்கம் மூன்று வீட்டு நாய்களை வார் பிடித்து நடத்திப் போவது. ராஜா, ரோஸி, டைகர். முதல் கடிதத்தில் 'மூன்று பேரைப் பார்த்துக்கொள்கிறேன், தினமும் பூங்காவுக்கு அழைத்துப் போக வேண்டும்' என்று எழுதினேன். 'பேர்' என்ற ஒரு சொல்தான் பொய். மற்றதெல்லாம் நிஜம். இரண்டாவது கடிதத்தில் டைகரைப் பாபு ஆக்கினேன். அது இரண்டாவது பொய்.

6-12, வியாழன்

நல்ல வெயில். அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்தேன். பக்கத்து வீட்டு முனியம்மாக்கா வந்தார்.

"வெள்ளக்காரி வூட்டுப் புள்ளைங்களாமே? அதுங்க பேசறது உனக்குப் புரியுதா ஜமீலா?"

"பழகிப்போச்சுக்கா."

"கடிச்சுக் கிடிச்சு வெக்காதா?"

"ராஜா ஒரு தடவ கடிச்சிருக்கான்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிஜத்தைத்தான் சொன்னேன்.

மதியம் வாய் தவறியது. "ரோஸி ரெண்டு நாளா சரியா சாப்புடல, அது..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா கவனிக்கவே இல்லை. "பாவம், அதுக்கு வவுறு சரியில்லையோ என்னமோ" என்றாள். குழந்தையையும் அது என்றுதானே சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் உயர்திணை, அஃறிணை என்று அவ்வளவு மனப்பாடம் செய்தும், என்னைக் காட்டிக்கொடுக்க இலக்கணம்கூட வரவில்லை.

நூலகத்து நாவல் நாற்பது பக்கம். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

7-12, வெள்ளி

வாங்க வேண்டியது: இங்க், தலைக்கு எண்ணெய், தபால் கார்டு நாலு.

ஜும்ஆ முடிந்து வந்து அத்தா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். மேஜையில் சிவப்பு பிளானல், யாருக்கோ தைத்ததில் மிச்சம். பெங்களூர்க் குளிருக்கு ரோஸிக்கு ஒரு சட்டை, அளவு எழுதி அனுப்பு என்று போன மாதம் கேட்டிருந்தார். ஏதாவது நாலு எண்ணை எழுதிப் போட்டிருக்கலாம். முடியவில்லை. தையல்காரர் மகள், பொய் அளவு எழுதக் கை வரவில்லை. ரோஸியை நிறுத்தி டேப் வைத்து அளந்தே அனுப்பினேன். இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அத்தா சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெஞ்சு இருவத்திரண்டு. இடுப்பு பதினேழா?"

"ஆமாங்கத்தா."

"நாலு வயசுப் புள்ளைக்கு வவுறு முன்னால வரும். இதுக்கு உள்ள போயிருக்குது."

"மெலிஞ்ச உடம்புங்க."

"கை ஆறு அங்குலந்தானா?"

"ஆமாங்க."

டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

8-12, சனி

ஸ்வெட்டர் கையில் கிழிசல். டைகர் விளையாட்டாகக் கவ்வியது. ஆணி மாட்டியது என்று சொல்லி அத்தாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆணின்னா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவும். இது மேலயும் கீழயும் புடிச்சிருக்குது."

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அம்மா டீயோடு வந்தாள். "என்னாங்க அது?"

"ஆணி கிழிச்சிருக்குது" என்றார் அத்தா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

அலசாத ஸ்வெட்டர். அதைத் தொட்ட கையோடு அசர் தொழப் போவாரே என்று நினைத்துக்கொண்டே நின்றேன். போகுமுன் மிஷின் அடியிலிருந்து மண் கொஞ்சம் எடுத்துக் கை கழுவினார். எண்ணெய்ப் பிசுக்குக்கு மண் போட்டுக் கழுவுவது வழக்கம்தான். வழக்கம்தானா?

9-12, ஞாயிறு

மூட்டை கட்டினேன். அம்மா கொடுத்தது: முறுக்கு, எள்ளுருண்டை, புளி. மூன்று பேருக்கும் தனித்தனிப் பொட்டலமாக எள்ளுருண்டை.

மஃரிப் தொழுதுவிட்டு அம்மா கையேந்தி இருந்தாள். வாய் முணுமுணுப்பு காதில் விழுந்தது. என் பெயர். பிறகு ராஜா, ரோஸி, பாபு. "தாய் மடியில இல்லாம வேத்து மனுசி கையில வளர்ற புள்ளைங்க, நல்லா வெய்யி ரப்பே."

சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவினேன்.

10-12, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. அத்தா பஸ் ஏற்ற வந்தார். ஸ்வெட்டர் என் மேல். தைத்த இடம் எனக்கே தெரியவில்லை. படியில் காலை வைத்ததும் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

"குளிர் அதிகமாவுறதுக்குள்ள போட்டு வுடு. வூட்டுல உன் அம்மா முன்னாடி பிரிக்க வேணாம்னுதான் இங்க குடுக்கிறேன்."

"அத்தா..."

"ஏறு, ஏறு. கண்டக்டரு விசிலடிக்கிறாரு."

கிருஷ்ணகிரி தாண்டிப் பிரித்தேன். சிவப்பு பிளானல். முதுகில் பித்தான்கள். முன்னால் இரண்டு குட்டைக் கைகள். பின்னால் வளைவாக வெட்டி, ஓரம் மடித்த இரண்டு திறப்புகள். வயிற்றுப் பக்கம் நனையாதபடி குட்டையாக.

உள்ளே என் அளவுச் சீட்டு. நான் எழுதின 'கை' அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அத்தாவின் கோழிக் கிறுக்கல்: 'முன்கால்'. அதன் கீழே:

'பின்கால் அளவு நீ எழுதல. உத்தேசமா வுட்டிருக்கிறேன். அடுத்த தடவ முழுசா எழுது.'