இரண்டாவது பெட்டி

02.02.2025, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். உப்புவெளியிலிருந்து உவர்மலைக்கு வர ஒரு வான் நிறைய ஆட்கள் எதற்கு? அவர்கள் வாசலில் வைத்த வாழைப்பழத்தில் பாதியைத் தெருவில் திரியும் ஒரு மான் தின்றுவிட்டது. அந்த மானைத் தவிர இன்று ஒருவரும் மனதில் பட்டதைச் செய்யவில்லை.

மாப்பிள்ளை தனுசன் கட்டடப் பொறியியலாளர். முகம் நல்லது, பேச்சு குறைவு. சுஜானியும் அவனும் சில மாதங்களாகத் தொலைபேசியில் கதைக்கிறார்கள். என் மகளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. அதற்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தகப்பன் தங்கவடிவேல் இளைப்பாறிய நீர்ப்பாசனப் பொறியியலாளர். வந்ததும் ஹோலின் நடுவில் நின்று பளீரென்று கை தட்டினார். பிறகு மூலைக்குப் போய்த் தட்டினார். நுளம்பு அடிக்கிறார் என்று நினைத்து இவர், என் வீட்டுக்காரர், ஓடிப்போய் ஃபானைப் போட்டார். எதிரொலி பார்க்கிறாராம்.

“எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம், ரீச்சர். நாங்கள் படிச்ச ஆக்கள்,” என்றார். அதே மூச்சில், “ஆனா பிள்ளையள் இருக்கப்போற வீட்டில நல்ல பாட்டுக் கேக்க வேணும். ஸ்பீக்கரும் அம்பிளிஃபயரும் நான் தாறன். நீங்கள் ஒரு சீடி பிளேயர் மட்டும், நல்லதாப் பாத்து…”

படித்த ஆட்கள்! படிக்காதவர்கள் நகை என்று நேராகவே சொல்லியிருப்பார்கள்.

06.02

தங்கவடிவேல் வாட்ஸப்பில் மூன்று பிளேயர்களின் படங்கள் அனுப்பியிருக்கிறார். ஒன்று வால்வு வைத்தது. இன்னொன்று இரண்டு பெட்டி: இறுவட்டைச் சுழற்ற ஒன்று, எண்களை ஒலியாக்க மற்றது. மூன்றாவதன் மூடி மட்டும் என் அம்மியை விடக் கனம். விலையைப் பார்த்துவிட்டு இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் பார்த்தார்.

இருபத்திரண்டு வருடமாக உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். இறுவட்டில் இருப்பது பூச்சியமும் ஒன்றும். பெட்டி கனத்தால் பூச்சியம் இன்னும் வட்டமாகிவிடாது. மின்வயரை ஒரு மாதம் ‘பழக்கி’ எடுத்தால் சத்தம் இளகுமாம். என் மாணவி ஒருத்தி இப்படி எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, தாயைக் கூட்டிவரச் சொல்வேன். இந்த மனிதரின் தாயை எங்கே போய்த் தேடுவது?

“மிகவும் நன்றி” என்று பதில் போட்டேன்.

12.02, பௌர்ணமி, போயா விடுமுறை

இன்று தங்கவடிவேல் அளவு நாடாவோடு வந்தார். கதிரை ஒன்றை ஹோலின் நடுவே போட்டு, கண்ணை மூடி, ஒரு முழம் முன்னால், ஒரு சாண் பின்னால் என்று இழுத்து இழுத்துத் தான் இருக்கவேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தார். தான்! ஒவ்வொரு ஞாயிறும் வந்து கேட்பாராம்.

இது சுஜானியின் வீடு. எங்கள் பக்க வழக்கப்படி அவள் பெயருக்கு எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பார். நானும் இவரும் பின்னால் உள்ள இரண்டு அறைக்குப் போவோம். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனுக்கு ஹோலை எழுதிக்கொடுத்ததாக எந்த உறுதிப் பத்திரத்திலும் நான் வாசிக்கவில்லை.

சாப்பாட்டு மேசை ஒலிக்கு இடைஞ்சலாம், எடுக்கட்டாம்.

“அப்ப நாங்கள் எங்க இருந்து சாப்பிடுறது, மாமா?” என்று சுஜானி கேட்டாள்.

“குசினி இருக்குத்தானே, பிள்ளை.”

இவர் சிரித்தார். எந்த மனிதர் என்ன சொன்னாலும் சிரிப்பதற்கென்று ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்.

23.02, ஞாயிறு

உப்புவெளிக்கு, அவர்கள் வீட்டுக்குப் போனோம். தங்கவடிவேல் கடைக்காரரிடம் கேட்டு இரண்டு பிளேயர்களைச் சில நாளைக்கு வாங்கி வைத்திருக்கிறார். எல்லோருமாகக் கேட்டு ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டுமாம்.

அவர் பாட்டுக் கேட்கும் அறையைப் பற்றி எழுதத்தான் வேண்டும். சுவரெல்லாம் கம்பளம். யன்னலைப் பூட்டி, ஏசி இரைகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார். ஆறு பேரும் வியர்த்து வழிந்தபடி, மரண வீட்டில் இருப்பதுபோல் இருந்தோம். பக்கத்தில் இருந்த குணமணி அக்கா, தங்கவடிவேலின் மனைவி, என் காதுக்குள், “ரீ ஊத்தி வச்சிருக்கிறன், ரீச்சர். கோப்பை சத்தம் போடும் எண்டு இன்னும் கொண்டுவரேல்லை,” என்றார். குக்கர் வைப்பதும் தங்கவடிவேல் கோயிலுக்குப் போகும் நேரத்தில்தானாம். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார். சுஜானி அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை, விரல் நுனியில் நடக்கிறார்.

ஒரே வயலின் துண்டு. முதலாவது பெட்டி, பிறகு இரண்டாவது பெட்டி.

“ரெண்டாவதில பாட்டுக்குப் பின்னால இருக்கிற இருட்டுக் கேக்குதோ?” என்றார் தங்கவடிவேல்.

அதைக் கேட்டும் ஒருவரும் சிரிக்கவில்லையே. சுற்றிவர ஒவ்வொருவராகக் கேட்டார். இவர்: “ரெண்டாவதுதான், சந்தேகமே இல்லை.” தனுசன் தரையைப் பார்த்துக்கொண்டு: “ரெண்டாவது, அப்பா.”

என் முறை வந்தது.

“ரெண்டாவதில தெளிவு கொஞ்சம் கூட இருக்கு,” என்றேன்.

கடைசியாகச் சுஜானி. முன்பு பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வார்கள். இப்போது கேட்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம்.

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை, மாமா.”

அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “பழகப் பழக வரும், பிள்ளை. அதுக்குத்தானே நான் கிழமைக்குக் கிழமை வரப்போறன்.”



24.02

காலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். சுஜானி வந்து நின்றாள்.

“அம்மா, உண்மையாவே உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சதோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் சொன்னீங்கள்?”

“மரியாதைக்கு.”

“தனுசனும் மரியாதைக்குத்தான் சொன்னவர். அவருக்கும் ஒரு நாளும் தெரிஞ்சதில்லையாம். சின்னனில இருந்து தகப்பன்ர முகத்தைப் பாத்துப் பாத்துச் சொல்லிக்கொண்டு வாறாராம். எனக்குப் போனில சொல்லிச் சிரிச்சவர். நான் அதைப் பகிடி எண்டு நினைச்சிட்டன். அவரும் சொல்லமாட்டார், நீங்களும் சொல்லமாட்டீங்கள், அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. நான் மட்டும் குணமணி மாமி மாதிரி நுனிக்காலில நடக்கிறதோ?”

அவள் தனுசனுக்கு நாள் குறித்துத் தவணை சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டிருக்கிறாள்: பிளேயரும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளும் வேண்டாம் என்று அவனே தகப்பனிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கலியாணம் இல்லை.

எனக்கு ஏன் வாய் வரவில்லை? இந்தக் கொப்பியில் அந்த மனிதரை எவ்வளவு வெட்டிக் கொத்தியிருக்கிறேன்! அங்கே போய் ‘தெளிவு கொஞ்சம் கூட’. தூ. பௌதிகவியல் ரீச்சராம்.

02.03

அவன் சொல்லவில்லை. பொருத்தமான நேரம் பார்க்கிறானாம். கட்டடம் கட்டுகிறவனுக்கு முதுகெலும்பு எங்கே வைப்பது என்று தெரியாதா?

08.03, சனி

இன்றையதை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

பத்து மணிபோல வான் ஒன்று வந்தது. முன் சீற்றில் தங்கவடிவேல், மடியில் ஒரு பெட்டி, பிள்ளையை ஆசுப்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறவர் மாதிரி. “எல்லாரும் ரெண்டாவதெண்டு சொன்னபடியால ஓடர் குடுத்திட்டன், ரீச்சர். பில் உங்கட பேரில. கடை எங்கட ஆள்தான், காசை ஆறுதலா, மெல்ல மெல்லக் குடுக்கலாம்.”

இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கப் போனார். நான் வாசலுக்குக் குறுக்கே நின்றேன்.

“இறக்க வேண்டாம். எங்களுக்கு இது தேவையில்லை.”

“என்ன கதை இது? நீங்கள்தானே தெளிவு கூட எண்டு சொன்னீங்கள்?”

“பொய் சொன்னனான். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லை. உங்களுக்கும் கேக்கேல்லை எண்டுதான் நினைக்கிறன். அதோட, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிள்ளை தன்ர ஹோலில இருந்து சாப்பிட வேணும்.”

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு றுக்கியாவின் தலை தெரிந்தது. தங்கவடிவேல் என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். இவர் சிரிக்கவில்லை. அதையும் குறித்துவைக்க வேண்டும். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

வான் திரும்பிப் போய்விட்டது.

பின்னேரம் குணமணி அக்கா போன் எடுத்தார். குரல் வழக்கம்போல் குசுகுசுப்பு, தங்கவடிவேல் பாட்டுக் கேட்கிறாராம். “சம்பந்தம் சரிவராதெண்டு சொல்லச் சொன்னவர், ரீச்சர். பிள்ளைக்கு ரசனை காணாதாம்.”

ரசனை! ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. என் மகளின் கலியாணத்தை நானே வாசலில் வைத்து உடைத்துவிட்டேனா? அவளிடமே கேட்டேன்.

“நீங்கள் உடைக்கேல்லை, அம்மா. அது இப்ப தனுசன்ர கையில,” என்றாள். முகம் கழுவப் போனாள். குழாய் நெடுநேரம் ஓடியது.

16.03

ஒன்றுமில்லை. அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். போனைக் கவிழ்த்து வைக்கிறாள்.

23.03, ஞாயிறு

தனுசன் வந்தான். தனியே, மோட்டார் சைக்கிளில். வாழைப்பழம் கொண்டுவரவில்லை.

“அப்பாட்ட எல்லாம் சொல்லிப்போட்டன். எனக்கு ஒரு நாளும் வித்தியாசம் கேட்டதில்லை எண்டும் சொன்னனான்.”

“என்ன சொன்னார்?” என்றாள் சுஜானி, கதிரையைக் காட்டாமலே.

“அடுத்த நாள் என்னைக் காது டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனார்.”

“டொக்டர்?”

“காது நல்லா இருக்காம். அப்பா நம்பேல்லை. கொழும்பில காட்ட வேணுமாம்.”

சுஜானி சிரித்துவிட்டாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, “கொழும்புக்குப் போவீங்களோ?” என்று கேட்டாள்.

“ஏலாதெண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு வீட்டில இருக்கிறதும் கஷ்டம். சிநேகிதன்ர அறையில நிக்கிறன்.”

அவனை இருக்கச் சொன்னாள். நான் குசினிக்குப் போனேன். அவன் போன பிறகு, “நீங்கள் என்ன நினைக்கிறீங்கள், அம்மா? மரியாதைக்குச் சொல்லவேண்டாம்,” என்றாள்.

“பிந்தித்தான் சொன்னான். எண்டாலும் எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. தகப்பனைப் பிடிக்கேல்லை. பிடிக்கவும் மாட்டுது.”

“தகப்பனை நான் கட்டேல்லை.”

27.04, ஞாயிறு

கலியாணப் பதிவு எழுத்து அடுத்த மாதம். சம்பந்தி வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், முகத்தை நீட்டிக்கொண்டு வருவார். வரட்டும். நானும் இவரும் பின் அறைகளுக்கு மாறிவிட்டோம்.

முன் வீட்டில் சுஜானியும் தனுசனும் ஹோலுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். அவளுக்கு இளம்பச்சை வேண்டுமாம்.

“எனக்குப் பிடிக்கேல்லை, சுஜா,” என்றான் அவன். “ஆசுப்பத்திரி மாதிரி இருக்கு.”

அவள் ஏதோ திட்டினாள். அவன் விடவில்லை, பிடிக்கவில்லை என்று இன்னொரு தரம் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.