47ஆம் இலக்கக் கதிரை

பான்
12.01.2025

அன்புள்ள தம்பி யதுசன்,

முன்பின் தெரியாத பெண் ஒருத்தி எழுதுகிறாள் என்று யோசிக்க வேண்டாம். என் மகள் சயந்தினிதான் உம்முடைய இணையப் பக்கத்தைக் காட்டினாள். கைவிட்ட பனிச்சறுக்கு மலைகளில் கிடக்கும் பழைய லிஃப்டுகளைப் படத்தைப் பார்த்தே எது, எங்கே என்று சொல்லிவிடுவீராம். கார்ஹிங்கில் இயந்திரவியல் படிக்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளை என்றதும் எனக்குத் துணிவு வந்தது. மின்னஞ்சல் எனக்குச் சரிவராது. கடிதமாகவே பதில் போடும்.

இத்துடன் இருக்கும் படத்தில், கம்பியில் தொங்கி மலையேறும் கதிரை லிஃப்டில் சிரித்துக்கொண்டு இருப்பவர் என் கணவர் தபோதரன். அகதி மனுவை நிராகரித்துவிட்டார்கள் என்று, 1989 மாசியில் சின்னப் படகொன்றில் ரைன் ஆற்றைக் கடந்து பிரான்சுக்குப் போக வெளிக்கிட்டவர், ஆற்றோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. கூடப் போன சிவகுருநாதன் அண்ணை தப்பினார். ஊருக்கு எனக்கு அறிவித்தவர் அவர்தான். 92இல் நான் சயந்தினியோடு இங்கே வந்த பிறகு எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நின்றவரும் அவர்தான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்.

வீடு மாறும்போது இந்தப் படம் அவர் பெட்டிக்குள் அகப்பட்டதாம். 88 மார்கழியில், அவர்கள் இருந்த ஃபிரைபூர்க் பக்கத்து மலையொன்றில் தானே எடுத்தது என்கிறார். எந்த மலை என்று மறந்துவிட்டார். அது தெரிந்தால் எனக்குப் போதும். ஒருமுறை போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும். என் மனுசன் சிரிக்கிற படம் என்னிடம் வேறு இல்லை.

பயத்தம் பணியாரம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடும். நல்லாயிரும் பிள்ளை.

புஸ்பவதி


கார்ஹிங்
16.02.2025

புஸ்பவதி அன்ரிக்கு,

பணியாரம் கிடைத்தது. பாதி நொறுங்கிவிட்டது, ரின் பெட்டிக்குள் காகிதம் அடைத்திருக்க வேண்டும். நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபிரைபூர்க் பிழை. இந்த லிஃப்ட் அங்கிருந்து முந்நூற்றைம்பது கிலோமீற்றர் வடக்கே, சவர்லாண்டில் இருக்கிறது. பனி போதாமல் 2009இல் மூடிய இடம். முந்தநாள் நேரில் போனேன். அடிவாரக் கொட்டகைக்குள் மஞ்சள் கதிரைகள், இருவர் இருக்கக்கூடியவை, அடுக்கிக் கிடக்கின்றன. உங்கள் படத்தில் கதிரையின் முதுகில் 47 என்று இருக்கிறது. 47ஐத் தேடி வெளியே இழுத்தேன். இடது கைப்பிடியில் ஒரு இரும்புத் துண்டைக் கோணலாக வைத்து வெல்ட் பண்ணியிருக்கிறார்கள். படத்திலும் அதே கோணல். ஒரே கதிரை. நூறு வீதம்.

இன்னொன்று. இயந்திரத்தில் ஒரு தகடு இருக்கிறது: ஆண்டு 1993. ஆகவே படம் 93க்குப் பிறகுதான் எடுத்தது. 89இல் இறந்தவர் அதில் இருக்க ஏலாது. மிச்சத்தை நீங்களே யோசிக்கலாம்.

யதுசன்


பான்
23.02.2025

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். படத்தில் இருப்பவர் அவர்தான். கன்னத்து மறு அவருடையதுதான். பிறகு எப்படி?

ஒன்று கேட்கிறேன். ஊரில் ஓடுகிற மினி பஸ்ஸில் யப்பான் பள்ளிக்கூடத்தின் பெயர் அழியாமல் இருக்கும். அங்கே ஓடி முடிந்ததை வாங்கிவந்து ஊரில் ஓட்டுவார்கள். அதுபோல இந்த லிஃப்டும் வேறெங்காவது ஓடிவிட்டு வந்திராதோ? விசர்க் கேள்வி என்றால் மன்னித்துக்கொள்ளும்.

சிவகுருநாதன் அண்ணை இந்த வெள்ளியும் வந்தார். கத்தரிக்காய்க் குழம்பு நல்லாயிருக்கு என்று இரண்டாம் தரமும் வாங்கினார். நான் வாய் திறக்கவில்லை. உம்முடைய பதிலைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று இருக்கிறேன். அவர் பொய் சொல்லியிருந்தால், தம்பி, என்னுடைய முப்பத்தாறு வருடமும் பொய்.

புஸ்பவதி


கார்ஹிங்
27.02.2025

அன்ரி,

இது மினி பஸ் இல்லை. பன்னிரண்டு தூண், எண்ணூறு மீற்றர் பாதை, அந்த மலைக்கென்று அளந்து போட்ட கொங்கிறீட். தோளில் தூக்கிக்கொண்டு போகிற சாமான் இல்லை. சிரித்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம்.

இரண்டில் ஒன்று: இரும்பு பொய் சொல்கிறது, அல்லது அந்த ஆள் பொய் சொல்கிறார். இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. உங்கள் கணவர் 93க்குப் பிறகும் இருந்திருக்கிறார். சந்தோஷமாகவும் இருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஆள் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டார். ஒரு சிவப்புக் கையுறை மட்டும் தெரிகிறது. பெண்ணின் கை போலத்தான் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் அவரிடமே கேளுங்கள். எனக்குப் பரீட்சை இருக்கிறது.

யதுசன்


பான்
18.03.2025

தம்பி யதுசனுக்கு,

கேட்டேன். வெள்ளிக்கிழமை, சோறு போட முதல், உம்முடைய இரண்டு கடிதங்களையும் அவர் முன்னால் வைத்தேன். சயந்தினியும் இருந்தாள்.

வாசித்து முடித்துவிட்டு, "தங்கச்சி, இந்தப் பெடியன் என்ன அலட்டுறான்? படம் எடுத்தது நான். பக்கத்திலை இருந்தது அன்னா, எங்களுக்கு டொச் பாஷை படிப்பிச்ச மனுசி" என்றார்.

"அப்ப தகடு பொய்யோ?"

"தகடு எனக்குத் தெரியாது. தபோ செத்தது தெரியும்."

"எப்பிடித் தெரியும்? பிரேதம் கிடைக்கேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

கடிதங்களை மடித்து மேசையில் வைத்தார். பிறகு, "கிடைச்சது" என்றார்.

பதினொரு நாள் ஆற்றங்கரையால் தேடி நடந்தாராம். கடைசி நாள், தீயணைப்புக்காரர் இழுத்துப் போட்டபோது சனத்தோடு சனமாக நின்று பார்த்தாராம். அகதிகள் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாத காலம். இன்னார் என்று சொன்னால் தன்னையும் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வாய் திறக்கவில்லையாம். பெயரில்லாமல் புதைத்தார்களாம். முகத்தைச் சொன்னார். கண் இருந்த இடத்தைச் சொன்னார். மீன் தின்றதையும் விட்டதையும் சொன்னார். "மோதிரத்தை வைச்சுத்தான் ஆளைப் பிடிச்சனான். விரல் ஊதி, மோதிரம் சதைக்குள்ளை போயிருந்தது. இதை உங்களுக்குச் சொல்லப்படாது எண்டுதான் இவ்வளவு காலமும்..." சயந்தினி காதைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினாள்.

நான் நம்பவில்லை. முதலில் கிடைக்கவில்லை, இப்போது கிடைத்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இப்படியும் ஒரு மனிதன் அருவருப்பாய்க் கதை கட்டுவானா என்றுதான் நினைத்தேன்.

"வெளியிலை போங்கோ" என்றேன்.

எழுபத்துமூன்று வயது. சப்பாத்தைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கோயிலில் எல்லாருக்கும் சொன்னேன். இப்போது அவரோடு ஒருவரும் கதைப்பதில்லை. இந்த மாசி நான் திவசம் செய்யவில்லை. சமைக்கும்போதெல்லாம் தபோதரனைத் திட்டுகிறேன். நெஞ்சு கொஞ்சம் லேசாய்த்தான் இருக்கிறது.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பரீட்சையை வடிவாகச் செய்யும்.

புஸ்பவதி


கார்ஹிங்
05.05.2025

புஸ்பவதி அன்ரிக்கு,

ஒரு பிழை நடந்திருக்கிறது. சவர்லாண்ட் லிஃப்டில் மெக்கானிக்காக இருந்த கிறிஸ்தோப்பர் என்பவர் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். அந்த லிஃப்ட் புதிதாக வாங்கியது இல்லை. 1974 முதல் ஃபிரைபூர்க் பக்கத்து மலையொன்றில் ஓடியது. 92இல் அங்கே கழற்றி விற்றிருக்கிறார்கள். தூண், கதிரை எல்லாம் லொறியில் வந்தன. தகட்டில் உள்ள 93, கழற்றியதைத் திரும்பப் பூட்டி அனுமதி வாங்கிய ஆண்டு. காசில்லாத சின்ன மலைகள் அப்படித்தான் வாங்குமாம்.

பழைய பழுதுபார்ப்புக் கொப்பியின் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினார்: கதிரை 47, இடது கைப்பிடி, வெல்ட், ஐப்பசி 1987. உங்கள் படத்தின் பின்னால் தெரியும் மலைத்தொடரின் விளிம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஃபிரைபூர்க் மலைதான். படம் 87க்கும் 92க்கும் இடையில் எடுத்தது. அவர் சொன்ன இடமும் சரி, காலமும் பொருந்துகிறது. நூறு வீதம்.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நான் தகட்டை வாசித்தேன், அதற்கு முன்னால் என்ன என்று தேடவில்லை. பிழை என்னுடையது. ஆனால் நான் சொன்னது ஒரு திகதி. ஆளை வீட்டை விட்டுத் துரத்தச் சொல்லி நான் எழுதவில்லை.

அந்த மலைக்குப் போகும் வழியை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் முதலில் கேட்டது இடத்தைத்தானே. இடம் கிடைத்துவிட்டது.

யதுசன்


பான்
01.06.2025

யதுசன்,

உம்முடைய கடிதத்தை எடுத்துக்கொண்டு சிவகுருநாதன் அண்ணை வீட்டுக்குப் போனேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே வாங்கி, நின்றபடி வாசித்தார்.

"நான் பொய்யன் எண்டதுக்கும் இந்தப் பெடியன்ரை கடிதம். பொய்யன் இல்லை எண்டதுக்கும் இந்தப் பெடியன்ரை கடிதம். உங்கடை வீட்டிலை நான் இருந்து சாப்பிட்ட காலம் என்னை நம்பப் போதாது என்ன, தங்கச்சி?"

மடித்து அந்த இடுக்கால் திருப்பித் தந்தார். கதவைச் சாத்தினார்.

சயந்தினி ஆற்றங்கரை ஊர்களில் பிரேதம் புதைக்கிற சேமக்காலைகளுக்கெல்லாம் எழுதினாள். ஒன்றிலிருந்து பதில் வந்தது. பங்குனி 1989, பெயர் தெரியாத ஆண். இருபத்தைந்து வருடம் முடிந்தும் கேட்க ஆளில்லாத குழி என்று 2014இல் அதைக் கிளறி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் இருபத்திரண்டு வருடம் நான் இங்கே பானில்தான் இருந்தேன். ரயிலில் மூன்று மணித்தியாலம்.

உம்முடைய முதல் கடிதத்தோடு என் மனுசன் என்னை விட்டுவிட்டுப் போனவர் ஆனார். எங்கேயோ உயிரோடு இருந்தார். திட்டலாம். உம்முடைய கடைசிக் கடிதத்தோடு திரும்பவும் செத்துவிட்டார். இவ்வளவு காலமும் அவர் செத்தவராக இருந்தபோது முகம் முழுசாக இருந்தது. இந்தமுறை அண்ணை சொன்ன முகத்தோடு செத்திருக்கிறார். பங்குனியில் அது பொய். நீர் எழுதித்தான் அது உண்மையானது. படத்தை எடுத்துப் பார்க்கிறேன்; சிரிப்பு இருந்த இடத்தில் எனக்கு அதுதான் தெரிகிறது. அந்த மலைக்கு நான் போகப்போவதில்லை.

இரண்டு தரமும் நூறு வீதம் என்றே எழுதியிருக்கிறீர். பதில் போட வேண்டாம். போட்டால் அதையும் நம்பிவிடுவேன்.

புஸ்பவதி தபோதரன்